மழை வேண்டாம் என்று வேண்டிய நாள்

திருப்பூர்ப் பக்கத்தில் மழையை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கல்யாணப் பந்தல் நனைந்து, இலையில் தண்ணீர் சொட்டினால்கூட, "பேயட்டுமுங்க, எத்தன நாளாச்சு" என்றுதான் சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் மட்டும் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன். அது பெல்ஜியத்தில், ஆன்ட்வெர்ப் நகரத்தில், ஒரு கோடைகால இசை விழாவில்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். ஆர்டர் கையில் வந்த நாளிலிருந்து பெட்டி கப்பல் ஏறும் வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல், செக்கிங் என்று எங்கே எது நின்றாலும் திட்டு எனக்குத்தான் வரும். வயது இருபத்தாறு. திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் உடம்பில் தெம்பு இருந்த காலம்.

என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியதற்குத் திறமை காரணம் இல்லை. மேனேஜரும் நானும் போவதாக இருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். "சேம்பிள் பெட்டியக் காட்டிட்டு வந்தாப் போதும் மகேஸ்வரி, வாயத் தொறந்து ஒண்ணும் ஒத்துக்காத" என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லி அனுப்பினார். கம்பெனியில் ரோமிங் போட்ட செல்போன் ஒன்று கொடுத்தார்கள், அவசரத்துக்கு மட்டும் என்று மூன்று தடவை சொல்லி. அம்மா வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். அன்று சாயங்காலமே தொலைந்தும் போனேன். அந்த ஊரில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகின்றன. அது தெரியும். தெரிந்தும், கால் பழக்கத்தில் நம் ஊர்ப் பக்கமே போய் நின்றுகொண்டது. வந்த டிராமில் ஏறினேன். ஹோட்டலுக்கு நேர் எதிர்த் திசையில் ஊர் முடிகிற இடம் வரை போனது. திரும்பி வரும்போது இறங்க வேண்டிய இடத்தில் கதவு திறக்கும் என்று காத்து நின்றேன். திறக்கவில்லை. பித்தானை அழுத்தினால்தான் கதவு திறக்குமாம். அடுத்த நிறுத்தத்தில் ஒரு முதியவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அழுத்திவிட்டார். அவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் சிரித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆபீஸ். எங்களிடம் துணி வாங்குகிற அந்த ஆபீசில் தரத்தைப் பார்க்கிறவர் கார்லா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், சைக்கிளில் வேலைக்கு வருவார், சிரித்தால் மூக்குக் கண்ணாடி கீழே இறங்கும். ஒரு முறை திருப்பூருக்கு வந்திருக்கிறார். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்தது இரண்டு விஷயங்கள்: அவிநாசி ரோட்டில் குடித்த இளநீர், எந்தத் தவறைக் கேட்டாலும் எல்லாரும் சொன்ன ஒரே பதில்.

"டையிங் ப்ராப்ளம்," என்று எங்களைப் போலவே சொல்லிக் காட்டினார்.

நானும் சிரித்தேன். உண்மைதான். துணி சுருங்கினால் டையிங் ப்ராப்ளம், அளவு தப்பினால் டையிங் ப்ராப்ளம், பெட்டி தாமதமானால் டையிங் ப்ராப்ளம். சாயப்பட்டறைக்காரர் ஆபீசுக்கு வந்து மறுத்துப் பேசப்போவதில்லை, அதனால் அது எல்லாருக்கும் வசதியான பதில்.

கிளம்பும்போது கார்லா, "நாளைக்குச் சனிக்கிழமை. உங்கள் சட்டைகளை உடம்பில் பார்க்க வேண்டாமா? வாருங்கள்," என்றார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளியில் நடக்கிற இசை விழாவுக்கான தொண்டர் சட்டைகளை அந்த வருஷம் நாங்கள்தான் தைத்திருந்தோம். வெள்ளை உடம்பு, ரத்தச் சிவப்பில் கை. மெர்ச்சன்டைசர்கள் சட்டையைப் பெட்டியில்தான் பார்ப்போம், ஆளின் உடம்பில் பார்ப்பதில்லை. ஆசையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நல்ல வெயில். வாசலிலேயே ஆளுக்கு ஒரு ஜோடி மஞ்சள் பஞ்சு அடைப்பான் கொடுத்தார்கள், சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்வதற்கு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சமாச்சாரம் எங்கள் கம்பெனியிலும் பெட்டி நிறைய இருந்தது. வெளிநாட்டு ஆடிட் வருகிற நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்போம். தையல் லைனில் இருக்கிற பெண்கள் அன்று மட்டும் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பேசுவது கேட்காமல் முழித்துக்கொண்டு இருப்பார்கள். ஆடிட்டர் கார் ஏறியதும் எல்லாக் காதும் திறந்துவிடும். இங்கே பாட்டுக் கேட்கக் காசு கொடுத்து வந்தவர்களே காதை அடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது ஊரில் இருக்கிற செல்வியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. செல்வி எங்கள் லைனில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள். அவளுக்கு எஃப்.எம். இல்லாமல் கை ஓடாது.

கார்லா தொண்டர் கூடாரத்தில் எனக்கும் ஒரு சட்டை கொடுத்தார். மிச்சம் இருந்தது எக்ஸ்எல் மட்டும்தான். சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டேன். முட்டி வரை தொங்கியது. கை, விரல் நுனியைத் தாண்டிப் போனது. ஆனாலும் பெருமையாக இருந்தது. என்னைச் சுற்றிலும் வெள்ளையும் சிவப்புமாக நடந்துபோனவர்களின் ஒவ்வொரு தோள் தையலும் எனக்குத் தெரிந்த ஆட்கள் போட்டது.

சாப்பாட்டுக் கடைகளில் பணம் வாங்குவதில்லை, பிளாஸ்டிக் வில்லை வாங்கி வில்லையைக் கொடுக்க வேண்டும். காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினேன். மேலே வெள்ளையாகக் குழைவாக எதையோ அள்ளிப் போட்டார்கள். முட்டையும் எண்ணெயும் கடைந்ததாம். உருளைக்கிழங்குக்கு மிளகாய்ப்பொடி இல்லாத தேசத்தை மன்னித்து அதைச் சாப்பிட்டு முடித்தேன், நன்றாகவே இருந்தது. கை பிசுபிசுத்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினேன். சட்டையின் நீளமான கை தண்ணீரில் நனைந்துவிட்டது. வெள்ளைக் காகிதத்தை எடுத்து அதை ஒற்றினேன்.

காகிதம் ரோஸ் நிறமாக மாறியது.

இன்னொரு காகிதம் எடுத்துத் தேய்த்தேன். இன்னும் அடர்த்தியான ரோஸ். சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, பக்கத் தையலில் இருந்த லேபிளைப் பார்த்தேன். மூலையில் 4 என்று இருந்தது. நாலாம் லாட், அதாவது நாலாம் தடவையாகச் சாயம் போட்ட துணி.

எக்ஸ்எல் கைகளில் ஒரு பகுதிக்கான சிவப்புத் துணி அது. மே மாதக் கடைசியில் சாயம் போட்டது. சாயம் ஏறியபின் துணியைச் சோப்புத் தண்ணீரிலும் வெறும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி அலச வேண்டும். ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். அந்த வாரம் தண்ணீர் லாரி ஒழுங்காக வரவில்லை. கிணறு வைத்திருந்தவர்கள் எல்லாருடைய கிணறும் அடியில் கிடந்தது. சாயப்பட்டறை மாஸ்டர் ரங்கசாமி என்னைக் கூப்பிட்டு ஈரத் துணியைக் கையில் கொடுத்தார்.

"இன்னொரு அலசு போடோணுங்க அம்மிணி. நாளைக்குக் காலைல லாரி வந்துரும். ஒரு நாள் பொறுத்தீங்கன்னா சுத்தமா எடுத்துரலாமுங்க."

அன்றைக்குத்தான் அந்தத் துணியை எடுத்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் தையல் தள்ளும், தூத்துக்குடியில் கப்பல் தப்பும். "போதுங்க மாஸ்டர், விடுங்க," என்றேன் நான். சாயம் கழன்று வருகிறதா என்று தேய்த்துப் பார்க்கிற சோதனையை உலர்ந்த துணியில் மட்டும் செய்தேன். ரிப்போர்ட்டில் ஈரத் துணிச் சோதனைக்கான கட்டத்திலும் சரி என்று ஒரு டிக் போட்டேன். கீழே கையெழுத்து என்னுடையது.

குழாயடியில் நின்று வானத்தைப் பார்த்தேன். மேற்கே ஓரமாகக் கொஞ்சம் வெள்ளை மேகம். மழை வந்தால் அந்த லாட் சட்டை அத்தனையும் சாயம் விட்டுவிடும். அதோடு, ஆபீசில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். டையிங் ப்ராப்ளம் என்பார்கள். ரங்கசாமி மாஸ்டருக்கு எங்கள் துணி போவது நின்றுவிடும். அவர் பட்டறையில் பாதிக்கு மேல் ஓடியது எங்கள் துணிதான்.

நேராகக் கார்லாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எத்தனை சட்டை நாலாம் லாட் என்று முதலில் பார்த்துக்கொள்வோம், கொஞ்சமாக இருந்தால் சொல்லவே வேண்டாம், மழையும் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எக்ஸ்எல் ஆட்களைத் தேடிக் கிளம்பினேன். திருப்பூரில் எக்ஸ்எல் ஆளைத் தேடினால் தெருத்தெருவாக அலைய வேண்டும். அந்த மைதானத்தில் எக்ஸ்எல் இல்லாத ஆளைத்தான் தேட வேண்டும்.

காலையிலிருந்து பிற்பகல் வரை நான் அந்த விழாவை இடுப்பு உயரத்தில்தான் பார்த்தேன். பித்தளை வாத்தியக் குழு ஒன்று புல்வெளியில் ஊர்வலமாக வாசித்துக்கொண்டு போனது. நான் அதன் பின்னால் போன தொண்டர்களின் சட்டை நுனியைப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மேடையில் அக்கார்டியன் வாசித்த பெண்ணோடு சேர்ந்து கூட்டமே பாடியது. தாத்தா, பேத்தி, காதல் ஜோடி, போலீஸ்காரர் எல்லாரும் வாயசைத்தார்கள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் நின்றேன். எங்கள் லைனில் எஃப்.எம்.மில் எல்லாருக்கும் பிடித்த பாட்டு வந்தால் இப்படித்தான் நடக்கும். அறுபது மிஷினும் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் தலையைத் தூக்க மாட்டார்கள், ஆனால் எல்லா உதடும் ஒன்றாக அசையும். மதுரைக்காரி, கோவில்பட்டிக்காரி, உடன்குடிக்காரி எல்லாரும் ஒரே வரியில் இருப்பார்கள். இப்போது நினைத்தாலும் அந்த லைனுக்குத் திரும்பிப் போய் ஒரு ஓரமாக உட்கார வேண்டும் போல இருக்கிறது. அப்போது அதைச் சத்தம் என்று சொல்லி ஆபீஸ் கதவைச் சாத்திக்கொள்வேன்.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற தாடிக்காரர் ஒருவரின் சட்டை நுனியைத் திருப்பியபோது மாட்டிக்கொண்டேன். ஆள் கதவு உயரம்.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை. இந்தச் சட்டையைத் தைத்தது எங்கள் ஊர். தையலைப் பார்க்கிறேன்."

அவர் முகம் மலர்ந்தது. தன் சட்டையின் எல்லாப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பத்து வருஷமாக இந்த விழாவில் குப்பை பொறுக்குகிறாராம், இதுவரை கொடுத்ததில் இந்தச் சட்டைதான் அக்குளில் இறுக்கிப் பிடிக்கவில்லையாம். பிறகு தோழர்களைக் கூப்பிட்டு, "இந்தப் பெண்ணின் ஊரில்தான் இதைத் தைத்தார்களாம்," என்றார். இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள். பையிலிருந்த கச்சாயத்தை எடுத்து நீட்டினேன். தாடிக்காரர் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அவர் சட்டையில் 4 என்று இருந்தது. அவர் தோழர்கள் இரண்டு பேருடையதிலும் 4. எனக்கு அழுகை வந்தது. அவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிவாக்கில் வெயில் மங்கியது. மேற்கே இருந்த வெள்ளை மேகம் கறுத்துப் பக்கத்தில் வந்திருந்தது. மண்வாசனைகூட வந்தது. அந்த வாசனைக்கு நெஞ்சு குளிராமல் பதறியது அதுதான் முதல் தடவை. இனியும் தாங்காது என்று கூடாரத்துக்கு ஓடி, ரோஸ் காகிதத்தைக் கார்லாவிடம் நீட்டினேன்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காகிதத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"எப்போது தெரிந்தது?"

"காலையில்."

"காலையிலேயே ஏன் சொல்லவில்லை?"

அவர் வாக்கி-டாக்கியை எடுத்து, எக்ஸ்எல் போட்டவர்கள் எல்லாரும் வந்து மழை அங்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "என்ன காரணம்?" என்று கேட்டார். இது ஆபீஸ் கேள்வி.

"டையிங் ப்ராப்ளம்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொன்னது. கார்லா எழுதிக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

அதற்குள் மழை வந்துவிட்டது. சிலர் அங்கியோடு ஓடினார்கள், பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. தாடிக்காரர் குப்பைப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி வந்தார். தோளிலிருந்து மார்பு வரை சிவப்புக் கோடு கோடாக இறங்கியிருந்தது. தன்னைத்தானே குனிந்து பார்த்து அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. அவள் போட்டிருந்த வெள்ளைக் கால்சட்டையும் கெட்டுப்போயிருந்தது, "இது என் அக்காவுடையது," என்று கார்லாவிடம் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் சட்டையையும் பார்த்தாள். நானும் இடுப்பு வரை ரோஸாகத்தான் இருந்தேன்.

கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கம்பெனி போனை எடுத்தேன். ஆபீசில் கேட்பதற்கு முன்னால் மாஸ்டரிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஊரில் அப்போது விளக்கு வைக்கிற நேரம்.

"சொல்லுங்க அம்மிணி. நல்லாருக்கறீங்களா? சோறு கெடைக்குதுங்களா?"

"மாஸ்டர், நாலாம் லாட்டு சாயம் விட்ருச்சுங்க."

அவருக்குப் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"அது என்னங்க சத்தம்?"

"என்ன சத்தமுங்க?"

"பொடபொடன்னு கேக்குதுங்களே."

"மழைங்க மாஸ்டர். கூடாரத்து மேல பேயுது."

"மழையா," என்றார். "நல்ல மழைங்களா?"

"நல்ல மழைங்க."

"போன வெளிய நீட்டிப் புடிங்க அம்மிணி. சித்த நேரம் கேட்டுக்கறன்."

நீட்டிப் பிடித்தேன். தூரத்து மேடையில் மேளக்காரர்கள் மழையோடேயே மறுபடி ஆரம்பித்தார்கள், கூட்டம் ஆரவாரித்தது. போனைக் காதில் வைத்தபோது அவர், "பாட்டு ஊடால வருதுங்க. அத உட்டுப்போட்டு மழை மட்டும் கேக்கற எடமாப் பாத்து நில்லுங்க," என்றார்.

அந்த மைதானத்தில் பாட்டுக் கேட்காத இடம் ஒன்றுதான் இருந்தது, தகரம் போட்ட கழிவறை வரிசை. அதன் ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தகரத்தில் மழை கொட்டியது. போனிலிருந்து சின்னதாகப் பேச்சுக் குரல்கள் வந்தன. பட்டறை ஆட்களையும் பக்கத்தில் கூப்பிட்டுவிட்டார் போல. இந்தியில் ஒருவர், எந்த ஊரில் மழை என்று கேட்டார். கை வலித்தது. போதும் என்று மட்டும் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மாஸ்டர் குரல் வந்தது. "இன்னைக்கும் லாரி வரலீங்க. மிஷின நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறமுங்க. மனசு குளுந்துச்சு." பிறகு சொன்னார்: "ஆபீஸ்ல கேட்டா சாயத் தப்புன்னே சொல்லீருங்க அம்மிணி. நமக்குப் பழகுனதுதானுங்க. நீங்க வளர்ற புள்ள."

போன் வைத்த பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தேன். நான் விலக நேர்ந்ததற்கும் பெல்ஜியத்துக்கும் சம்பந்தமில்லை என்று மேனேஜர் சொன்னார், நானும் நம்புவது போல் தலையாட்டினேன். ரங்கசாமி மாஸ்டருக்குத் துணி நிற்கவில்லை. சட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது, எங்கே சிவப்பு, எங்கே வெள்ளை என்று இப்போது சொல்ல முடியாது.

அன்றைக்கு மாஸ்டரிடம் பேசிய பிறகு, மழை விடுவதற்குள் கூடாரத்துக்குத் திரும்பினேன். கார்லாவிடம் குறிப்பேட்டைத் திறக்கச் சொன்னேன். டையிங் ப்ராப்ளம் என்ற வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். ஈரச் சோதனை செய்யாமல் டிக் போட்டது நான்தான் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். மகேஸ்வரி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, காதிலிருந்து பஞ்சை எடுத்தார். நான் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து, உரக்கச் சொன்னேன்.